உடல் தன்னைத்தானே தாக்குமா? இரத்தமும் ஈரலும் சொன்ன பதில்

சாதாரண தர விஞ்ஞானத்தில் நாம் 'பிறபொருளெதிரி' என்று படிப்பிக்கிறோம். வெளியிலிருந்து வரும் பொருளை எதிர்ப்பது என்று அர்த்தம். அது சொந்த உடம்பையே தாக்கினால் என்ன பெயர் சொல்வது? சொல்லுக்குள்ளேயே ஒரு பழைய நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜேர்மனியில் போல் ஏர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். பிற ஆட்டின் செங்குழியங்களை உடைக்கும் எதிரிகள் உருவாகின. சொந்தச் செங்குழியங்களை உடைப்பவை உருவாகவில்லை. உடல் தனக்கே நஞ்சிட அஞ்சும் என்றார், 1901 அளவில். முடியவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

1904 இலேயே வியன்னாவில் டொனத்தும் லான்ட்ஸ்டைனரும், குளிர் பட்டதும் சிறுநீர் கறுக்கும் நோயாளிகளின் இரத்தத்தில் சொந்தச் செங்குழியத்தையே உடைக்கும் எதிரியைக் காட்டினார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1945 இல் கூம்ஸும் நண்பர்களும் செங்குழியத்தில் ஒட்டியிருக்கும் எதிரியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையைத் தந்தார்கள். அமெரிக்காவின் சென்ட் லூயிஸில் வில்லியம் ஹரிங்டன் செய்ததை நினைத்தால் இன்றும் நமக்கு நடுக்கம் வருகிறது. குருதிச் சிறுதட்டுகள் குறைந்துபோன ஒரு பெண்ணின் இரத்தத்தை, 1950 இல், தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணித்தியாலங்களில் அவருடைய சிறுதட்டுகளும் விழுந்தன. அழிப்பது இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று என்பது அவர் உடம்பிலேயே நிரூபணமானது.

ஈரலின் முறை அதன் பிறகுதான். 1950 இல் சுவீடனின் வால்டன்ஸ்ட்ரோம், இளம் பெண்களுக்கு வரும், ஆறாத ஓர் ஈரல் அழற்சியை விவரித்தார். 1956 இல் மெல்பேர்னில் இயன் மக்கே குழுவினர், அப்படிப்பட்டவர்களின் இரத்தத்தில் லூபஸ் நோய்க்குரிய கலங்களைக் கண்டார்கள். ஈரலைக் காட்டிக்கொடுத்ததும் இரத்தம்தான்! 1971 இல் லண்டனில் ஷீலா ஷெர்லொக் குழுவினரின் ஆய்வில் பிரட்னிசொலோன் பெற்ற 22 பேரில் 3 பேர் இறந்தார்கள். பெறாத 27 பேரில் 15 பேர். நோயை இனங்காண்பதற்கும் தவறவிடுவதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

தவறவிடுவதோ எளிது. செங்கண்மாரி என்றதும் நம் ஊர்களில் ஈரல் என்றே முடிவுகட்டுகிறோம். செங்குழியங்கள் மளமளவென உடைந்தாலும் கண் அதே மஞ்சள்தான். சிறுதட்டு குறைந்தால், ஈரல் நோயினால் வீங்கிய மண்ணீரல் பிடித்து வைத்திருக்கிறது என்பார்கள்; பெரும்பாலும் சரிதான். ஆனால் சிலரில் ஈரலையும் தாக்கி, சிறுதட்டையோ செங்குழியத்தையோ தனியாகவும் தாக்குகிறது அதே நோயெதிர்ப்பு. ஒன்றின் பின்னால் மற்றது ஒளிந்துகொள்ளும்.

1981 இல் பிரான்ஸ் வைத்தியர்கள் நான்கு சிறு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். கடுமையான ஈரல் அழற்சி, கூடவே சொந்தச் செங்குழியங்களை உடைக்கும் இரத்தச்சோகை. பின்னர் கண்ட இத்தகைய பிள்ளைகள் பலரில் இரத்தச்சோகை முந்திக்கொண்டது. ஈரல் மாதங்கள் கழித்தே தலைகாட்டியது. அதனால்தான் கூம்ஸ் பரிசோதனையில் அகப்படும் சின்னப் பிள்ளையின் ஈரலையும் வைத்தியர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.