கட்டிவழி எலும்பு மென்மை

உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் சிறு கட்டி ஒன்று எஃப்.ஜி.எஃப்.23 என்ற இயக்குநீரை மிகையாகச் சுரக்க, பாஸ்பேட் சிறுநீரில் கழிந்து எலும்பு வலுவிழக்கும் அரிய நோய். கட்டி பெரும்பாலும் புற்றுநோய் வகை அல்ல. மூக்கையொட்டிய காற்றறை, தாடை, தொடை, உள்ளங்கால் என யாரும் தேடிப் பார்க்காத இடங்களில் அது இருக்கும்.

1947இல் இங்கிலாந்து மருத்துவர் மெக்கான்ஸ் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். கட்டிதான் காரணம் என்பது அப்போது புரியவில்லை. 1959இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிராடர், விலா எலும்பிலிருந்த கட்டியை எடுத்ததும் ஒரு சிறுமியின் ரிக்கெட்ஸ் குணமானதைக் கண்டு, இரண்டையும் இணைத்துச் சொன்னார். எஃப்.ஜி.எஃப்.23தான் காரணி என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது 2001இல்.

எக்ஸ்ரே எடுக்கச் சென்னையில் 1934 முதல் பர்னார்டு கதிரியல் நிலையம் உண்டு. ஆனால் இந்நோயில் எக்ஸ்ரே காட்டுவது விளைவை மட்டுமே: தொடையெலும்பின் கழுத்தில் குறுக்கே ஓடும் மெல்லிய கருங்கோடு. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதவரின் எக்ஸ்ரேயில் அந்தக் கோடு தெரியலாம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கட்டி தெரியாது. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் நுணுக்கமானவைதாம். இருந்தாலும் எந்த இடத்தைப் படமெடுக்கச் சொல்கிறோமோ அதைத்தான் காட்டும்.

திருப்பம் தந்தது காலியம்-68 டோட்டாடேட் பெட் சி.டி. இக்கட்டிகளின் செல்கள் பலவற்றின் மேல் சோமடோஸ்டாடின் ஏற்பிகள் உண்டு. காலியம் ஏற்றிய டோட்டாடேட் மருந்து அங்கே போய் ஒட்டிப் படத்தில் ஒளிர்கிறது. காலியம்-68இன் அரைவாழ்நாள் 68 நிமிடமே என்பதால் தயாரித்ததும் விரைந்து பயன்படுத்தியாக வேண்டும். புற்றுநோய்க்கு எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேன் நடுத்தொடையோடு நின்றுவிடும். இதற்கோ உச்சி முதல் உள்ளங்கால் வரை எடுத்தாக வேண்டும். பாதத்தை விட்டால் கட்டியே தப்பிவிடலாம்.

தமிழ்நாட்டில் இந்நோயைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருப்பது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணம். அந்தப் பயணத்துக்கு முன்பு வேண்டியது இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு பார்க்கும் எளிய சோதனை. மூட்டுவலி, முதுகுவலி என்று வருவோருக்குக் கால்சியம் பார்ப்பார்கள்; அது சரியாகவே இருக்கும். பாஸ்பரஸைக் கேட்டு எழுதினால்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு வரி எழுதப்படாமல் போனால் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேனும் வீண்.

கட்டியை விளிம்போடு முழுதாக அகற்றினால் பாஸ்பேட் விரைவில் சீராகும். எலும்பு தேற மாதங்கள் பிடிக்கும். அகற்ற முடியாதவர்கள் பாஸ்பேட் உப்பும் கால்சிட்ரியாலும் எடுத்துக்கொள்கிறார்கள். எஃப்.ஜி.எஃப்.23ஐத் தடுக்கும் புரோசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2020இல் இந்நோய்க்கென ஒப்புதல் கிடைத்தது.