எட்டு பேருக்கும் சேர்த்து வேலை கிடைக்குமா?

போன வாரம் நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "பிஸிக்ஸ்ல பிஎச்.டி. முடிச்சவங்க எல்லாம் ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறாங்களே, இது புது ஃபேஷனா?" இல்லைங்க. சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்னாடியே நடந்த கதை ஒன்று இருக்கு. அதுவும், கம்பெனி ஆரம்பிக்கும் எண்ணமே இல்லாதவர்கள் ஆரம்பித்த கதை.

வில்லியம் ஷாக்லி, பெல் லேப்ஸில் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்ததற்காக நோபல் வாங்கிய மூன்று இயற்பியலாளர்களில் ஒருவர். 1956-ல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் சொந்தமாக ஒரு செமிகண்டக்டர் லேப் தொடங்கினார். பணம் ஆர்னால்ட் பெக்மேனுடையது. ஏன் அந்த ஊர்? பக்கத்தில் பாலோ ஆல்ட்டோவில் ஷாக்லியின் அம்மா இருந்தார். அவ்வளவுதான்.

ஆள் பிடிப்பதில் மனுஷன் கில்லாடி. ராபர்ட் நோய்ஸ், ஜீன் ஹோர்னி, ஜே லாஸ்ட் மூணு பேரும் இயற்பியலாளர்கள். கார்டன் மூர் வேதியியல். எல்லாரும் முப்பதை ஒட்டிய வயசு, நம்மள மாதிரி.

ஆனால் மேனேஜராக? ஆபீஸில் ஒரு பெண் ஊழியரின் விரலில் ஏதோ குத்தி ரத்தம் வந்தது. யாரோ சதி செய்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஊழியர்களை உண்மை கண்டறியும் சோதனைக்குப் போகச் சொன்னார் ஷாக்லி. கடைசியில் பார்த்தால், அது தலை உடைந்த போர்டு பின்!

எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் கம்பெனியைக் கவிழ்த்தது வேறு. சந்தைக்குத் தேவை சிலிக்கான் டிரான்சிஸ்டர். ஷாக்லியின் மனசோ தன்னுடைய நான்கு அடுக்கு டயோடில். பிஸிக்ஸாகப் பார்த்தால் அழகான கருவி; ஆனால் அன்றைய முறைகளில் அதை ஒரே தரத்தில் தயாரிப்பது பெரும்பாடு. என் முதல் வேலையிலும் கஸ்டமர் கேட்ட ரிப்போர்ட்டை விட்டுட்டு, எங்க லீட் ஆறு மாசம் ஒரு டேட்டாபேஸ் எஞ்சின் எழுத வெச்சார். எழுதும்போது செம ஜாலி. புராஜெக்ட் கையைவிட்டுப் போச்சு.

பெக்மேனிடம் முறையிட்டுப் பார்த்தார்கள். அவர் கடைசியில் ஷாக்லி பக்கமே நின்றார். அப்போது யூஜீன் க்ளெய்னர், தன் அப்பாவுக்குப் பழக்கமான நியூயார்க் நிதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டார். என்ன கேட்டார் தெரியுமா? முதலீடு இல்லை, வேலை! எங்கள் குழுவை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் கம்பெனி ஏதாவது இருக்கிறதா என்று. அங்கே வேலை பார்த்த ஆர்தர் ராக்தான், நீங்களே ஒன்று தொடங்கலாமே என்றார். அந்த யோசனை இவர்களுக்குத் தோணவே இல்லை!

முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்தன. ஷெர்மன் ஃபேர்சைல்டின் கேமரா கம்பெனி மட்டும் 13.8 லட்சம் டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. எட்டு பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். ஒப்பந்தத்துக்கு அடையாளமாக ஒரு டாலர் நோட்டுகளில் கையெழுத்து. 1957 செப்டம்பர் 18 அன்று ராஜினாமா.

ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரின் முதல் ஆர்டர் ஐபிஎம்மிடமிருந்து: 100 டிரான்சிஸ்டர், ஒன்று 150 டாலர். ஆனால் ஒரு தலைவலி வந்தது. சில டிரான்சிஸ்டர்களை லேசாகத் தட்டினாலே செத்துப்போயின. மூடிக்குள் கிடந்த உலோகத் துகள் ஜங்ஷனில் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். சிலிக்கான் மேல் வளரும் ஆக்ஸைடு படலத்தை அழுக்கு என்று எல்லாரும் கரைத்து நீக்கிவந்த காலம் அது. ஹோர்னி, அதை அப்படியே விடுங்கள், ஜங்ஷனுக்குப் போர்வையாக இருக்கும் என்றார். 1959-ல் அது பிளேனார் முறையானது. ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியென்றால் அதன் மேலேயே உலோகக் கோடு போட்டுப் பல டிரான்சிஸ்டர்களை இணைக்கலாமே என்று நோய்ஸ் அடுத்த படிக்குப் போனார். உங்க போன்ல இருக்கிற சிப்பின் அடிப்படை இதுதான்.

அதே 1959-ல், ஒப்பந்தப்படி கேமரா கம்பெனி எல்லாப் பங்குகளையும் வாங்கிக்கொண்டது. ஆளுக்கு லட்சக்கணக்கில் டாலர் கிடைத்தது. கூடவே எட்டு பேரும் மறுபடி வெறும் சம்பளக்காரர்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஹோர்னியும் லாஸ்ட்டும் 1961-ல். நோய்ஸும் மூரும் 1968-ல் தொடங்கியது இன்டெல்; பணம் திரட்டித் தந்தது அதே ஆர்தர் ராக். இந்த முறை யாரும் வேலை கேட்டுக் கடிதம் எழுதவில்லை.

ஷாக்லியின் கம்பெனி 1960-ல் கைமாறியது. அவர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராகி, பிற்காலத்தில் இனவாதம் பேசிப் பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அதற்குத் தனி எபிசோட் வேணும். அடுத்த வாரம் ராக் கதையோட வர்றேன்.