அலுவலக மின்னணுக் கழிவு அகற்றல்

நிறுவனங்கள் கழித்துவிடும் கணினி, சர்வர், பிரிண்டர், கைபேசி முதலியவற்றில் உள்ள தரவை மீட்க முடியாதபடி அழித்து, கருவிகளை முறையான மறுசுழற்சிக்கு அனுப்பும் நடைமுறை. இந்தியாவில் மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022 இக்கழிவைக் கையாளும் முறையை நெறிப்படுத்துகின்றன. அவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நிதியாண்டில் எப்போதேனும் 1,000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்திய நிறுவனம் மொத்த நுகர்வோராகக் கருதப்படும். அது தன் கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

தரவை அழிப்பதே இதில் கடினமான பகுதி. கோப்பை நீக்கினால் அதன் இருப்பிடக் குறிப்புதான் மறைகிறது. தரவு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். ஹார்டு டிஸ்க்கை முழுவதும் மேலெழுதலாம், வலுவான காந்தப்புலத்தால் துடைக்கலாம். எஸ்எஸ்டியில் காந்தம் பயன்படாது. மேலெழுதுதலும் எல்லாப் பகுதிகளையும் எட்டாது. அதற்குரிய உள்ளமை அழிப்புக் கட்டளையோ, துகள்களாக அரைப்பதோ வேண்டும். பல ஜெராக்ஸ் இயந்திரங்களிலும் ஹார்டு டிஸ்க் உண்டு. இது அடிக்கடி மறக்கப்படுவது கவலைக்குரியது.

அலட்சியத்தின் விலை பெரிது. தரவு அழிப்பில் அனுபவமில்லாத இடமாற்ற நிறுவனத்திடம் பழைய கருவிகளை ஒப்படைத்தது உள்ளிட்ட குறைபாடுகளுக்காக, மார்கன் ஸ்டான்லியின் துணை நிறுவனம் 2022-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. துடைக்கப்படாத சில கருவிகள் இணைய ஏலத்துக்கே வந்திருந்தன.

சர்க்யூட் பலகைகளில் தங்கமும் செம்பும் உள்ளன; பழைய பற்றாசில் ஈயமும் உண்டு. முறைசாராப் பட்டறைகள் அமிலத்தில் ஊறவைத்து உலோகத்தைப் பிரிக்கும்போது தொழிலாளரின் உடல்நலமும் மண்ணும் கெடுகின்றன. ஆகவே ஒப்படைக்கும் நிறுவனம் மறுசுழற்சியாளரின் பதிவைச் சரிபார்த்து, ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணுடன் அழிப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும்.