கானுக்காக மன்றாடிய திருச்சபை

ஆசியத் திருச்சபையின் வரலாற்றைக் கற்போர் பதின்மூன்றாம் நூற்றாண்டை அடையும்போது ஒரு புதிரை எதிர்கொள்கின்றனர். அந்நூற்றாண்டில் மங்கோலியர் அமைத்த பேரரசு கொரியா முதல் தென் ரஷ்யா வரை பரந்திருந்தது. அதன் தலைமைப் பீடத்தில் அமர்ந்த மோங்கே, குப்ளாய் ஆகியோரையும், பாரசீகத்தை ஆண்ட ஹுலாகுவையும் பெற்ற தாய் ஒரு கிறிஸ்தவர். ஹுலாகுவின் பட்டத்தரசியும் கிறிஸ்தவரே. ஆயினும் அடுத்த நூறாண்டுகளுக்குள் சீனத்தில் திருச்சபை ஏறக்குறைய அடையாளமின்றி மறைந்தது. பாரசீகத்தில் மிகவும் நலிந்தது. துன்புறுத்தலே இதற்குக் காரணம் என்று கூறி அமைவது எளிது. ஆனால் துன்புறுத்தலைத் தாங்கி வளர்ந்த திருச்சபைகளும் உண்டு. எனவே மங்கோலியப் பேரரசின் எழுச்சியையும் ஆட்சியையும் வீழ்ச்சியையும் ஒருங்கே நோக்கி, அதனுள் திருச்சபை எவ்வாறு நின்றது என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

1. புல்வெளியின் எழுச்சி

மஞ்சூரியா முதல் ஹங்கேரி வரை பெரும் புல்வெளி நீண்டு கிடக்கிறது. நம் சேர்வராயன் மலைத்தொடரில் ஏற்காட்டைச் சூழ்ந்த ஊர்களைப் பள்ளத்தாக்குகளும் சரிவுகளும் பிரித்து நிறுத்துவதைப்போல அங்கே மனிதரைப் பிரிக்கும் அரண்கள் மிகக் குறைவு. மழையும் புல்லும் இருக்கும் திசையில் ஆடுகளையும் குதிரைகளையும் ஓட்டிச்சென்ற மக்கள், மேய்ச்சல் நிலத்திற்காக ஓயாது போரிட்டனர். சிதறிக் கிடந்த இக்குலங்களை ஒன்றாக்கியவர் தெமுஜின். 1206-ஆம் ஆண்டு ஓனான் ஆற்றங்கரையில் கூடிய குலத்தலைவர் பேரவை அவரைச் செங்கிஸ்கான் என அறிவித்தது.

அவரது வெற்றிக்கு வீரம் மட்டும் காரணமன்று. அவர் படையைப் பத்து, நூறு, ஆயிரம், பதினாயிரம் என்று வகுத்து, பகைக் குலங்களின் ஆட்களைப் பல பிரிவுகளில் கலந்து அமர்த்தினார். குலப்பிறப்பைவிட விசுவாசமும் திறமையும் பதவி தந்தன. வீரன் ஒவ்வொருவனும் மாற்றுக் குதிரைகளுடன் சென்றமையால் நெடுந்தொலைவை விரைந்து கடக்க முடிந்தது. 1215-இல் இன்றைய பீக்கிங் இருக்கும் நகர் வீழ்ந்தது. 1219-இல் தொடங்கிய மத்திய ஆசியப் படையெடுப்பில் புகாரா, சமர்க்கந்து, மெர்வ், நிஷாப்பூர் ஆகிய நகர்கள் அழிந்தன. 1221-இல் செங்கிஸ்கான் சிந்து நதிக்கரை வரை வந்து திரும்பினார். இந்நகர்களின் அழிவை மறந்து அப்பேரரசின் பெருமையைப் பேசுதல் நீதியாகாது.

அவர் வென்ற குலங்களுள் கெராயித்தர், நைமானியர் ஆகியோரிடையே கிறிஸ்தவர் பலர் இருந்தனர். நெஸ்தோரியர் என்று பிறரால் அழைக்கப்பட்ட கிழக்குத் திருச்சபையின் வணிகரும் துறவிகளும் அங்கே நற்செய்தியைக் கொண்டுசென்றிருந்தனர். கெராயித்தர் 1203-இல் தோற்றபின், அவர்கள் தலைவரின் தம்பி மகளாகிய சொர்காக்தனி பெக்கி, செங்கிஸ்கானின் இளைய மகன் தொலுயிக்கு மணம் செய்விக்கப்பட்டார். மேற்கூறிய அரசர்களின் தாய் இவரே. ஆகவே மங்கோலிய அரச குடும்பத்தினுள் கிறிஸ்தவம் நுழைந்தது பெரிதும் போரில் தோற்ற குலங்களின் பெண்கள் வழியாகவே என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

2. கானின் சலுகையும் அதன் நிபந்தனையும்

செங்கிஸ்கான் 1227-இல் மறைந்தார். அவர் மகன் ஒகதாய் அஞ்சல் நிலையங்களை ஒழுங்குபடுத்தினார். அரச முத்திரைத் தகடு பெற்றோர் நிலையந்தோறும் குதிரையும் உணவும் பெற்றுப் பயணம் செய்தனர். வணிகரும் தூதரும் துறவிகளும் இவ்வழிகளில் சென்றனர். கிறிஸ்தவ, முஸ்லிம், பௌத்த, தாவோயிசக் குருக்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. இதைச் சமயப் பொறை என்று வரலாற்றாசிரியர் பாராட்டுவர். அது தகுதியான பாராட்டே. ஆனால் இச்சலுகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. குருக்கள் ஒவ்வொருவரும் தம் தம் தெய்வத்திடம் கானின் நீடு வாழ்வுக்காக மன்றாடவேண்டும். மோங்கேயின் அவையில் 1254-இல் ருப்ருக் வில்லியம் என்னும் பிரான்சிஸ்கத் துறவி பிற சமயத்தாரோடு வாதிட்டபோதும், அரசர் எச்சமயத்தையும் தள்ளவுமில்லை; ஒன்றை மட்டும் ஏற்கவுமில்லை. எல்லா மன்றாட்டும் அவருக்குத் தேவையாயிருந்தது.

தமிழரும் இவ்வேற்பாட்டினுள் வந்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்திற்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. அதில் குறிக்கப்படும் கான் குப்ளாயே என அறிஞர் பலர் கருதுவர். கிறிஸ்தவத் துறவி எந்த நிபந்தனையின்கீழ் ஜெபித்தாரோ, அதையே இத்தமிழ்க் கல்லும் எதிரொலிக்கிறது. அடுத்த ஆண்டு குப்ளாயின் தூதர் யாங் திங்பி கொல்லத்திற்கு வந்தபோது, அங்கிருந்த கிறிஸ்தவர்களின் தலைவரும் முஸ்லிம்களின் தலைவரும் அவரைக் கண்டு ஆண்டுதோறும் திறை செலுத்த முன்வந்தனர் என்று யுவான் வமிசத்தின் அரச வரலாறு பதிவுசெய்துள்ளது. புல்வெளியில் எழுந்த அதிகாரத்தின் நிழல் நம் கடற்கரையையும் தொட்டது.

3. பாக்தாதின் மகிழ்ச்சி

1258-இல் ஹுலாகு பாக்தாதைக் கைப்பற்றினார். கலீபா கொல்லப்பட்டார்; நகரத்தார் பெருந்தொகையாய் மடிந்தனர். பட்டத்தரசி தோக்குஸ் காதூனின் செல்வாக்கினால் கிறிஸ்தவர் உயிர் தப்பினர். கிழக்குத் திருச்சபையின் பிதாப்பிதாவுக்கு ஓர் அரண்மனையே வழங்கப்பட்டது. கீழைக் கிறிஸ்தவ ஆசிரியர் சிலர் ஹுலாகுவையும் அரசியையும் கான்ஸ்டன்டைனுக்கும் ஹெலெனாவுக்கும் ஒப்பிட்டனர். அறுநூறு ஆண்டுகள் பிறர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த மக்களின் மகிழ்ச்சி நமக்கு விளங்குகிறது. ஆனால் அயலார் பிணங்கள் கிடந்த தெருவில் எழுந்த அம்மகிழ்ச்சியை அயலார் மறக்கவில்லை. 1260-இல் தமஸ்குவில் மங்கோலியர் துணையால் கிறிஸ்தவர் சிலுவையை ஏந்தி ஊர்வலம் சென்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் அயின் ஜாலுத் போர்க்களத்தில் எகிப்தியப் படை மங்கோலியரை வென்றது. கிறிஸ்தவரான தளபதி கித்புக்கா அங்கே மாண்டார். தமஸ்குவின் கிறிஸ்தவர் பழிவாங்கப்பட்டனர்.

1281-இல் பிதாப்பிதாவின் ஆசனத்திற்கு, சீன எல்லையிலிருந்து வந்த மார்க்கோஸ் என்னும் இளந்துறவி யாபல்லாஹா என்ற பெயருடன் தெரிந்துகொள்ளப்பட்டார். திருச்சபையின் வழிபாட்டு மொழியாகிய சுரியானியில் அவருக்குப் போதிய பயிற்சியில்லை. மங்கோலியரின் மொழியும் வழக்கமும் அறிந்தவர் என்பதே அவரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம். அவருடைய தோழர் ரப்பான் சௌமா 1287-இல் ஐரோப்பா சென்று பிரான்சு, இங்கிலாந்து அரசரைச் சந்தித்தார். 1295-இல் காசான் என்னும் புதிய அரசர் இஸ்லாத்தைத் தழுவி அரியணை ஏறியதும் நிலை மாறிற்று. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, முதிர்ந்த பிதாப்பிதா அடித்துத் துன்புறுத்தப்பட்டார். 1310-இல் அர்பேலா கோட்டையில் கிறிஸ்தவர் படுகொலையானதைக் கண்டு, 1317-இல் அவர் உள்ளம் உடைந்தவராய் மரித்தார்.

4. பேரரசின் சரிவு

பேரரசின் சரிவுக்கு வித்து அதன் அமைப்பிலேயே இருந்தது. அடுத்து ஆள்பவர் யார் என்பதற்கு உறுதியான முறையில்லை. பேரவையின் தேர்வே முறை. மோங்கே 1259-இல் இறந்தபின் குப்ளாயும் அவர் தம்பி அரிக் போகேயும் தனித்தனிப் பேரவைகளில் கான்களாயினர். நான்காண்டுப் போருக்குப்பின் குப்ளாய் வென்றாரெனினும் பேரரசின் ஒருமை மீளவில்லை. சீனம், பாரசீகம், மத்திய ஆசியா, ரஷ்யப் புல்வெளி ஆகிய நான்கு பகுதிகளும் தனித்தனி அரசுகளாயின. குதிரைமேல் வென்றவர் வயலையும் நகரையும் ஆளவேண்டியிருந்தமையால், அந்தந்த நாட்டின் மொழியையும் சமயத்தையும் மெல்ல மெல்ல ஏற்றனர்.

பாரசீக அரசு 1335-இல் அபூ சயீத் வாரிசின்றி இறந்ததும் சிதறியது. சீனத்தில் காகிதப் பணம் மதிப்பிழந்தது. 1344-இல் மஞ்சளாறு கரையுடைத்தது. அணை கட்டக் குடியானவரைப் பெருந்திரளாய் வேலைக்குப் பிடித்த 1351-ஆம் ஆண்டிலேயே செந்தலைப்பாகையரின் கிளர்ச்சி வெடித்தது. 1368-இல் மிங் படைகள் தலைநகரைக் கைப்பற்ற, மங்கோலிய அரசர் தம் பழைய புல்வெளிக்கே திரும்பினார். ரஷ்யாவில் அவர்கள் மேலாதிக்கம் 1480 வரை தேய்ந்து நீடித்தது.

5. வேர்களைப் பற்றிய கேள்வி

அரசரோடு சீனத் திருச்சபையும் மறைந்தது ஏன்? அதன் உறுப்பினர் பெரும்பாலும் ஓங்குத்தர், ஆலானியர் முதலான, ஆள்வோரைச் சார்ந்த இனத்தார். குப்ளாய் 1289-இல் கிறிஸ்தவர் காரியங்களுக்கெனத் தனி அலுவலகம் நிறுவினார். ஆயினும் சீனக் குடியானவர் வீடுகளில் அச்சமயம் இடம் பெறவில்லை. மாண்டிகொர்வினோ யோவான் என்னும் பிரான்சிஸ்கத் துறவி, தோமையாரின் ஆலயம் உள்ள நம் நாட்டில் பதின்மூன்று மாதங்கள் தங்கி ஏறக்குறைய நூறு பேருக்குத் திருமுழுக்களித்தபின், சீனம் சென்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1307-இல் அவர் அங்கே பேராயராக நியமிக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் அவர் மொழிபெயர்த்தார். வணக்கத்துக்குரிய பணி அது. ஆயின் அவர் தெரிந்துகொண்டது தார்த்தாரிய மொழி, அதாவது ஆள்வோர் தரப்பின் மொழி. ஆள்வோர் போனபோது அதை வாசிப்பாரும் போயினர். சுவான்சௌவின் தமிழ்க் கோயிலுக்கும் அதுவே நேர்ந்தது. அதன் செதுக்குத் தூண்கள் அங்குள்ள பௌத்த மடத்தில் இன்றும் நிற்கின்றன, வழிபட்டோர் இல்லை.

ஆள்வோரின் ஆதரவைப் பெறுவதே பிழை என்று இதனால் முடிவுசெய்தல் கூடாது. கொல்லத்துத் தரிசாப்பள்ளி 849-ஆம் ஆண்டில் பெற்ற செப்பேடும் ஆள்வோர் அளித்ததே. ஆனால் மலையாளக் கரையின் கிறிஸ்தவர் அந்நாட்டின் மொழியைப் பேசி, அந்நாட்டாராகவே வாழ்ந்தனர். அவர்களுக்கு உரிமை தந்த அரசு மறைந்தது; தூது அனுப்பிய கானும் மறைந்தார்; அவர்கள் நிலைத்தனர். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவ்வூரை ஆண்டவர் டேனியர். வேதத்தை அவர் தந்ததோ தமிழில். டேனியர் கொடி 1845-இல் அங்கிருந்து இறங்கியது. தமிழ் வேதம் இருந்தது.

அதிகாரமுடையோருக்காக மன்றாடவேண்டும் என்பது 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் நமக்கு இடும் கடமை. அம்மன்றாட்டு வரிவிலக்கின் விலையாகும்போது, குருவானவர் அரண்மனை ஊழியராகிறார். அரசின் தயவைப் பெறும் காலத்தில் திருச்சபை தன் சலுகைகளை எண்ணிப் பார்க்கிறது. தயவு மாறும் காலத்தில் தன் இழப்புகளை எண்ணுகிறது. இவ்விரு காலத்திலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நம் தெருவில் வாழும் அயலார், ஆட்சி மாறும் நாளில், நம்மைத் தம்மவர் என்று சொல்வாரா? பாக்தாதின் திருச்சபை இக்கேள்வியை 1258-இல் கேட்கவில்லை. நமக்கு அதைக் கேட்க இன்னும் காலம் உண்டு.