சிக்னல் இல்லாத காட்டுக்குப் போகுமுன்: கைத்தொலைபேசியைச் செய்மதித் தொடர்புக்குத் தயார் செய்வது எப்படி?

ரொறன்ரோவில் இருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணிநேர ஓட்டத்தில் இருக்கிறது அல்கொன்குயின் மாகாணப் பூங்கா. 1893 ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட இந்தக் காடு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்புக் கொண்டது. அதை ஊடறுத்துச் செல்லும் 60 ஆம் இலக்க நெடுஞ்சாலையை விட்டு உள்ளே நடந்தால், அநேக இடங்களில் கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட இராது. கோடை விடுமுறையில் கூடாரமும் தோள்பையுமாக அங்கே போகும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று பலர்.

பிள்ளை காட்டுக்குள். அப்பா ஸ்காபரோவில். அம்மம்மா யாழ்ப்பாணத்தில். இரண்டு நாள் தொடர்பு இல்லை என்றால், மூன்று இடத்திலும் மூன்று விதமான இரவு.

2009 இன் முதல் மாதங்களில், வன்னியில் இருந்து வரக்கூடிய ஒரு சில நிமிட அழைப்புக்காகத் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தவர்கள் எங்களிடையே வாழ்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் அந்தக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை. அப்படியான ஒரு வீட்டில், "சிக்னல் இல்லை, அதுதான் எடுக்கேல்லை" என்று திரும்பி வந்த பிறகு சொல்வது போதாது. போகுமுன்னரே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரை மணிநேரம் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது?

ஐபோன் 14 உம் அதற்குப் பின் வந்தவையும், கோபுரமும் வைஃபையும் இல்லாத இடத்தில் குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செய்மதிகளோடு நேரடியாகப் பேசக்கூடியவை. இந்தச் செய்மதிகள் பூமியில் இருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 24,000 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. அதனால் தொலைபேசி, "இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு" என்று திரையில் வழிகாட்டும். நீங்கள் அந்தத் திசையில் அதைப் பிடித்திருக்க வேண்டும்.

அவசர உதவிக்கான சேவை 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. பின்னர் பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, இத்தாலி, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளுக்கு விரிந்தது. வீட்டாருக்குச் சாதாரண குறுஞ்செய்தி அனுப்பும் வசதி 2024 இல் ஐஓஎஸ் 18 உடன் வந்தது. அது கனடாவிலும் அமெரிக்காவிலும் கிடைக்கிறது. மற்ற நாடுகளில் இருப்போர் தங்கள் நாட்டில் எது இயங்குகிறது என்பதை அப்பிள் நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

புதிய தொலைபேசியை இயக்கிய நாளில் இருந்து இரண்டு வருடங்களுக்குச் சேவை இலவசம். பழைய மாதிரிகளுக்கு அந்தக் காலம் நீடிக்கப்பட்டும் இருக்கிறது. சீனா, ஹொங்கொங், மக்காவோ ஆகிய இடங்களில் வாங்கிய ஐபோன்களில் இந்த வசதி இல்லை. உறவினர் கொண்டுவந்து தந்த தொலைபேசி என்றால் இதைக் கட்டாயம் கவனிக்கவும்.

வீட்டில் இருந்தே செய்ய வேண்டியவை

1. மென்பொருளைப் புதுப்பியுங்கள். காட்டுக்குள் போன பிறகு இதைச் செய்ய முடியாது.

2. ஐமெசேஜை இயக்கத்தில் வையுங்கள். அது நிறுத்தப்பட்டிருந்தால் செய்மதி வழியாக ஐமெசேஜ் போகாது.

3. ஹெல்த் செயலியில் உள்ள மெடிக்கல் ஐடியை நிரப்புங்கள். குருதி வகை, நீரிழிவு, ஆஸ்துமா, ஒவ்வாமை, எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். உதவி கேட்கும்போது இந்த விபரங்கள் மீட்பாளருக்குப் போகும்.

4. அவசரத் தொடர்பாளர்களைச் சேருங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஐபோன் இல்லாதவர்களுக்கு உங்கள் செய்தி எஸ்எம்எஸ் ஆகப் போகும். ஆனால் அவர்கள் முதலில் உங்களுக்கு எழுத வேண்டுமானால், அவசரத் தொடர்பாளராகவோ குடும்பப் பகிர்வுக் குழுவின் உறுப்பினராகவோ முன்பே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் நீங்கள் எழுதிய பின்னரே பதில் எழுதலாம்.

5. ஃபைன்ட் மை செயலியில், உங்கள் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டியவரோடு பகிர்வைத் தொடங்குங்கள். பிறகு காட்டில் இருந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரை, செய்மதி வழியாக இடத்தை அனுப்பலாம்.

6. நடக்கப்போகும் பகுதியின் வரைபடத்தைத் தொலைபேசியில் தரவிறக்கி வையுங்கள். கடதாசி வரைபடம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

7. ஒத்திகை பாருங்கள். செற்றிங்ஸ், எமர்ஜென்சி எஸ்ஓஎஸ், ட்ரை டெமோ என்ற வரிசையில் போனால், அவசர சேவையை அழைக்காமலே செய்மதியோடு இணைந்து பார்க்கலாம். முற்றத்தில் நின்று செய்யுங்கள். உங்களோடு வருபவரும் செய்யட்டும். விழுந்து காலை உடைப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

வட்ஸ்அப் குழு அங்கே இல்லை

எங்கள் குடும்பங்களின் தொடர்பு பெரும்பாலும் வட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. ஐபோனின் இந்தச் செய்மதி வழியில் வட்ஸ்அப் இயங்காது. படம், காணொளி, குரல்பதிவு எதுவும் போகாது. எழுத்து மட்டும்தான்.

ஆகவே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். அவர் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இருப்பவராகவும், நேரத்துக்குத் தொலைபேசியைப் பார்ப்பவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் அவருக்கு எழுதுவீர்கள். அவர் வட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் சொல்லுவார். பத்துப் பேருக்கு எழுத முயன்று பற்றரியை முடிப்பதைவிட இது நல்லது.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். சாதாரண எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கில எழுத்தில் 160 குறிகள் அடங்கும். தமிழ் எழுத்தில் 70 தான். "கோ" என்ற ஓர் எழுத்தே அங்கே இரண்டாகக் கணக்கிடப்படும். முன்பே பேசிவைத்த இரண்டு மூன்று வசனங்கள் போதும். உதாரணமாக:

"சுகம். முகாம் வந்தாச்சு."
"சுகம். ஒருநாள் பிந்தும்."
"நடக்க ஏலாது. உதவி கேட்டாச்சு."

மரமும் குளிரும்

திறந்த வானத்தின் கீழ் ஒரு செய்தி 15 விநாடியில் போகலாம். ஓரளவு இலை மூடிய மரங்களின் கீழ் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கலாம். அடர்ந்த காட்டிலும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் போகாமலே விடலாம். அல்கொன்குயினில் இதற்கு வசதியான இடம் ஏரிக்கரை. முகாமிட்ட பிறகு, இருட்டுமுன், கரைக்கு வந்து அனுப்புவதை வழக்கமாக்குங்கள். வட அகலாங்கு 62 பாகைக்கு மேலே, அதாவது கனடாவின் வடகோடிப் பகுதிகளிலும் அலாஸ்காவிலும், சேவை கிடைக்காமல் போகலாம்.

சிக்னல் தேடித் தேடியே தொலைபேசியின் பற்றரி இறங்கிவிடும். நடக்கும்போது விமானப் பயன்முறையில் வையுங்கள். அனுப்பும் நேரத்தில் அதை நீக்குங்கள். முழுதாக மின்னேற்றிய பவர் பாங்க் ஒன்றும், அதற்குரிய வயரும் நீர் புகாத பையில் இருக்கட்டும். உறைநிலைக் குளிரில் பற்றரி வேகமாக இறங்கும். இரவில் தொலைபேசியை உறக்கப் பைக்குள் உடலோடு வைத்திருங்கள்.

உண்மையான ஆபத்தில்

முதலில் வழமைபோல 911 ஐ அழையுங்கள். பிரித்தானியாவில் 999, அவுஸ்திரேலியாவில் 000, ஐரோப்பாவில் 112. அழைப்பு இணையாவிட்டால், செய்மதி வழியாக எழுதும் தெரிவு திரையில் வரும். என்ன நடந்தது, யாருக்கு உதவி தேவை, காயம் எப்படி என்று தொலைபேசி கேட்கும். தொட்டுத் தெரிவு செய்யலாம். உங்கள் பதில்களோடு, நிற்கும் இடமும் உயரமும் பற்றரி அளவும் சேர்ந்தே போகும். அனுப்பியபின் இடத்தை விட்டு நகராதீர்கள். ஒன்ராறியோவில் காட்டில் தேடி மீட்கும் பொறுப்பு மாகாணப் பொலிசாருடையது.

மௌனத்துக்கு முன்பே ஒரு பொருள்

இவ்வளவும் செய்த பிறகும் செய்தி வராமல் போகலாம். மழை, பள்ளத்தாக்கு, ஆற்றில் விழுந்த தொலைபேசி என்று காரணங்கள் பல. ஆகவே தொலைபேசியைவிட முக்கியமான ஆயத்தம் ஒன்று இருக்கிறது: வீட்டில் விட்டுப்போகும் ஒரு கடதாசி.

அதில் இவை இருக்க வேண்டும்: எந்தப் பாதை, எந்த நுழைவாயில், ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது, காரின் இலக்கத் தகடு, கூட வருபவர்களின் பெயர், கூடாரத்தின் நிறம், திரும்பும் நாளும் நேரமும். கடைசியில் இரண்டு வசனங்கள். ஒன்று: "இடையில் செய்தி வராவிட்டால் பயப்பட வேண்டாம், வானம் மூடியிருக்கலாம்." மற்றது: "ஞாயிறு இரவு எட்டு மணிக்கும் நான் பேசாவிட்டால், பொலிசுக்கு அழையுங்கள்."

அந்த இரண்டாவது வசனம் காத்திருப்பவரின் சுமையைக் குறைக்கிறது. எப்போது கவலைப்படத் தொடங்குவது என்று அவர் தனியே முடிவெடுக்க வேண்டியதில்லை. அதற்குமுன் வரும் மௌனத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. அதற்குப் பின் என்ன செய்வது என்பதும் தெரியும்.

இந்தியா, இலங்கை போவோருக்கு

தனியான செய்மதித் தொலைபேசியோ, கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ வைத்திருப்பவர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம்; விமான நிலையங்களில் வெளிநாட்டவர்கள் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள். இலங்கைக்குக் கொண்டுவருவதாயின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஐபோனின் செய்மதிச் சேவை இக்கட்டுரை எழுதப்படும் வரை இலங்கையில் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் இங்கு தொடங்கிய ஸ்டார்லிங்க், தட்டு பூட்டிப் பெறும் இணையம், கைத்தொலைபேசிக்கானது அல்ல. நக்கிள்ஸ் மலைக்கோ சிவனொளிபாத மலைக்கோ ஏறும் இளையோருக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. ஆனால் கடதாசி பொருந்தும். தரவிறக்கிய வரைபடமும், பவர் பாங்கும், பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 என்ற இரண்டு இலக்கங்களும் பொருந்தும்.

புறப்படுமுன் அந்தக் கடதாசியைப் படமெடுத்து அம்மம்மாவுக்கும் அனுப்புங்கள். பாதையின் பெயர் அவருக்கு விளங்காமல் இருக்கலாம். திரும்பும் நாள் விளங்கும்.