ராமென் கேட்கும் பிள்ளைகளும் பன்றி எலும்புச் சூப்பும்

‘நருட்டோ’ கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ராமென் என்ற பெயர் கட்டாயம் அடிபடும். தியாகதுருகத்தில் நமக்குத் தெரிந்து ராமென் கடை இல்லை. ஆனால் பாக்கெட்டாக ஆன்லைனில் வருகிறது. சென்னை, பெங்களூரில் படிக்கும் பிள்ளைகள் கடைக்கே போய்ச் சாப்பிடுகிறார்கள். அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

கோதுமை நூடுல்ஸைச் சூடான சூப்பில் போட்டுத் தருவதுதான் ராமென். சூப் ஊருக்கு ஊர் மாறும். சப்போரோவில் மிசோ என்ற புளித்த சோயா விழுது, தோக்கியோவில் சோயா சாஸ். தெற்கே ஃபுகுவோகா நகரத்தின் ஹக்காத்தா பகுதியில் பால்போல் வெளுத்த ‘தொன்கொத்சு’. உலகமெங்கும் பெயர் வாங்கியது இந்த ஹக்காத்தா வகைதான். ‘தொன்’ என்றால் பன்றி, ‘கொத்சு’ என்றால் எலும்பு. ஆக, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அல்பகரா 2:173 வசனம் தடுத்தது அந்தச் சூப்பின் அடிப்படையிலேயே இருக்கிறது.

இது பிறந்தது ஃபுகுவோகாவுக்கு அருகிலுள்ள குருமே என்ற ஊரில், 1937இல், ஒரு தள்ளுவண்டிக் கடையில். அப்போது சூப் தெளிவாகத்தான் இருந்ததாம். 1947இல் அதே ஊரில் இன்னொரு கடையில் அடுப்பில் அளவுக்கு மீறிக் கொதித்து வெளுத்துப்போக, அதுவே ருசியாக இருந்தது என்று சொல்கிறார்கள்.

அந்த வெண்மைக்குக் காரணம் பன்றி அல்ல, கொதி. எலும்பையும் தோலையும் மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்கவிட்டால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. அது கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து நீரோடு கலந்து நிறுத்துகிறது. நம் ஆட்டுக்கால் பாயா கையில் ஒட்டுவதும் இதே ஜெலட்டினால்தான். கோழியிலும் இது வரும். ஜப்பானியர்களே கோழியில் செய்து ‘தோரி பைத்தான்’ என்று விற்கிறார்கள்.

நாங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். ஒரு கிலோ கோழிக்கால், எலும்பு. கறிக்கடை பாயிடம் சொல்லிவைத்தால் மலிவாகக் கிடைக்கும். பத்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தோடு குக்கரில் ஒன்றரை மணி நேரம். பிறகு மூடியில்லாமல் பெருந்தீயில் அரை மணி நேரம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் வெளுக்கும். உப்பும் சிறிது சோயா சாஸும் போதும். மசாலா இல்லாத மெல்லிய நூடுல்ஸ், அவித்த முட்டை, வெங்காயத்தாள். பெரியவர்கள் மிளகுத்தூள் கேட்டார்கள். பிள்ளைகள் கிண்ணத்தைக் காலி செய்தார்கள்.

கடையில் சாப்பிடும்போது ‘சிக்கன் ராமென்’ என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. மேலே மிதக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். சுவைச் சாறில் மிரின், சாக்கே சேர்ப்பது வழக்கம். சாக்கே அரிசி மது, அசல் மிரினில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆல்கஹால். சில ஜப்பானிய சோயா சாஸ்களிலும் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். இயல்பாகப் புளிப்பதில் உண்டாகும் சிறு அளவு பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் உள்ள பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டுமே சொல்லும், எந்த இறைச்சி என்று சொல்லாது. பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி எதுவும் சொல்லாது. ஹலால் முத்திரையைப் பாருங்கள், சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். ஒரே கம்பெனியின் ஒரு வகைக்கு முத்திரை இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது.

வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். அங்கே “இறைச்சி வேண்டாம்” என்றால் மேலே வைக்கும் துண்டுகளைத்தான் எடுப்பார்கள், சூப் அதே பன்றிச் சூப்பாகவே வரும். ‘புத்தா’ என்றால் பன்றி. சூப்பிலும் எண்ணெயிலும் புத்தா உண்டா என்று கேட்க வேண்டும். தோக்கியோவின் அசகுசா போன்ற பகுதிகளில் கோழியில் செய்யும் ஹலால் ராமென் கடைகள் இருக்கின்றன. தொன்கொத்சுவின் தாய்வீடான ஃபுகுவோகாவிலேயே 2009 முதல் பள்ளிவாசல் இருக்கிறது. எங்கே சாப்பிடலாம் என்று அங்கு தொழ வரும் சகோதரர்களிடம் முதல் ஜும்ஆவிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.