நானூறு மீட்டர்: மயில்வாகனம் இராஜமணியும் நம் பெண்மக்களும்

பெண்மக்களால் இன்னது கூடும், இன்னது கூடாது என வரையறுத்துக் கூறுவதில் உலகத்து ஆடவர் எஞ்ஞான்றும் சலிப்படைந்தாரல்லர். கற்கலாகாது என்றனர், கற்றவள் உத்தியோகம் பார்க்கலாகாது என்றனர், இவற்றோடு ஓடலாகாது என்றும் ஒரு விதி செய்தனர். அவ்விதியைச் சொல்லாலன்றித் தன் கால்களாலேயே பொய்யாக்கிய தமிழ்ப் பெண்ணொருத்தி நம் மலேசிய நாட்டிலேயே தோன்றினாள். பேராக் மாநிலத்துத் தாப்பாவிற் பிறந்த மயில்வாகனம் இராஜமணி என்னும் அம்மையாரே அவர். பந்துவிளையாட்டு வீரர் பலரின் பெயரை ஒரே மூச்சிற் சொல்லும் நம் பிள்ளைகளை அழைத்து, இவ்வம்மையார் யாவர் என்று வினவிப் பாருங்கள். விடை வராவிடின் குற்றம் பிள்ளைகளுடையதன்று; சொல்லிக் கொடாத நம்முடையதே. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

இராஜமணி அம்மையார் செய்ததன் பெருமை விளங்க வேண்டுமாயின், அவருக்கு முன் பெண்களுக்கு இருந்த தடை இன்னதென முதற்கண் அறிதல் வேண்டும். 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் புது ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியபோது, அதில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகிய திடற் போட்டிகளிற் பெண்கள் புகுவதற்கு 1928ஆம் ஆண்டு வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆம்ஸ்டர்டாமில் அவர்களுக்கென ஐந்தே போட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றுள் மிக நீண்டது 800 மீட்டர் ஓட்டம்.

அதன் இறுதிப் பந்தயத்தில் ஒன்பது பெண்கள் ஓடினர். ஜெர்மனி நாட்டு லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனை நிறுவினார். இரண்டாமவராக வந்தவர் ஜப்பான் தேசத்துக் கினுயே ஹிதோமி. 100 மீட்டரில் இறுதிச் சுற்றை எட்டாது போன அப்பெண், வெறுங்கையுடன் நாடு திரும்ப மனமின்றி, அதுவரையிற் போட்டியில் ஓடியறியாத 800 மீட்டரில் இறங்கி வெள்ளிப் பதக்கம் கொண்டார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. ஆனால் பத்திரிகைகள் எழுதியது என்ன? பெண்கள் பாதி வழியில் ஓட்டத்தைக் கைவிட்டனர், மயங்கி வீழ்ந்தனர், பார்க்கச் சகிக்கவில்லை என்றெல்லாம் எழுதின. ஒன்பதின்மரும் எல்லைக்கோட்டைக் கடந்தனர் என்பதே உண்மை. ஓடி முடித்த ஆடவன் தரையிற் படுத்து மூச்சு வாங்கினால் அதற்கு வீரம் என்று பெயர். பெண் படுத்தால் அதற்குப் பலவீனம் என்று பெயர்! இப்பொய்யை ஆதாரமாகக் கொண்டு 800 மீட்டர் ஓட்டம் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1960இல் ரோமாபுரியிலேதான் அது திரும்பக் கிடைத்தது.

அந்த ரோமாபுரிப் பந்தயத்திலே நம் நாட்டு இளைஞரொருவரும் ஓடினார். கோலகங்சாரிற் பிறந்த மணி ஜெகதீசன், பதினாறே வயதினராய், 400 மீட்டர் ஓட்டத்திற் கலந்துகொண்டார். அன்று அவருக்கு ஒரு தமக்கை இருந்து, அவளும் அவரைப் போலவே ஓட வல்லவளாயிருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளால் அந்த 400 மீட்டரை ஓடியிருக்க முடியுமோ? முடியாது. ஏனெனில் பெண்களுக்கு 400 மீட்டர் என்ற போட்டியே அன்று ஒலிம்பிக்கில் இல்லை. வல்லமை இருந்தும் பாதை இல்லை.

இனி, இந்நாட்டில் வாழ்ந்த நம் தமிழ்ப் பெண்களின் நிலையைச் சிறிது நோக்குவோம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரை நிரையாய்ப் பால் மரம் வெட்டி, காண்டா வாளியைத் தோளில் தூக்கி, மேடும் பள்ளமும் நடந்து பால் சேர்த்தவள் தோட்டத்துத் தமிழச்சி. அவள் தூக்கும் சுமை அவள் உடலுக்கு ஆகாது என்று எந்தத் துரையும் கூறியதில்லை. எந்தக் கங்காணியும் கூறியதில்லை. ஆயினும், 1920களின் இறுதியில் தோட்டத் தொழிலாளருக்கு நிலைக் கூலி வகுக்கப்பட்டபோது, சிலாங்கூர் போன்ற இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என எழுதினார்கள். பாரத்தை ஏற்றும்போது அவள் வலியவள். படியளக்கும்போது மட்டும் மெலியவள்! விளையாட்டுத் திடலுக்கு வரும்போதும் அவள் மெலியவளே என்றனர்.

மேலும், தோட்டத்தில் ஆடவனுக்குங்கூடத் தன் உடல் தனக்குச் சொந்தமாயிருக்கவில்லை. துரைமாருக்கு எதிர்ப்படும் கூலியாள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பது, 1941ஆம் ஆண்டு கிளாங் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை நிற்க வேண்டுமென்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. இரண்டாண்டுகள் சென்றன. 1943இல் டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்திப் பயின்றனர். 1945இல் இரங்கூனை விட்டுப் பின்வாங்கிய அப்படையினர், விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலிற் பதுங்கி, இரவிரவாக நடந்து பாங்காக் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்ணின் கால்களுக்கு வலுவுண்டா என்று ஐயுறுவோர்க்கு இந்நடையே தக்க விடையாகும். அதே பாங்காக்கில் வேறொரு விடையும் பின்னர்க் கிடைத்ததைக் காண்போம்.

பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வைக்கப்பட்டது 1964இல், டோக்கியோவில். அப்பாதை திறந்த அந்த ஆண்டிலேயே, அதில் ஓட நின்றவர்களுள் மலேசியாவின் சார்பில் நின்றார் தாப்பாப் பெண் இராஜமணி. 400 மீட்டர் என்பது திடலை ஒருமுறை முழுதும் சுற்றி வருவது. குறுகிய ஓட்டம் போல் முழு வேகத்திலும் ஓட வேண்டும். நெடிய ஓட்டம் போல் மூச்சைக் காத்தும் வைக்க வேண்டும். கடைசி 100 மீட்டரில் கால்கள் ஈயம் போற் கனக்கும்; உள்ளம் நின்றுவிடு என்று சொல்லும். அங்கே நில்லாதவரே வெல்வர். டோக்கியோவில் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் 52.0 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். நம் இராஜமணி முதற் சுற்றோடு திரும்பினார். இதிற் குறைவு யாதுமில்லை. திறந்த வாயிலில் முதலிற் கால் வைப்பதற்கும் துணிவு வேண்டும்.

அத்துணிவின் பயன் மறு ஆண்டே விளைந்தது. தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியை 1965இல் லாவோஸ் நாட்டால் நடத்த இயலாது போகவே, அது கோலாலம்பூருக்கு வந்தது. டிசம்பர் மாதம், மெர்டேக்கா அரங்கிலே, தம் நாட்டு மக்கள் முன்னிலையில் இராஜமணி 200 மீட்டர், 400 மீட்டர், 800 மீட்டர் மூன்றிலும் முதல்வராய் வந்தார். அஞ்சல் ஓட்டத்திலும் தங்கம் பெற்றார். ஆக நான்கு தங்கம். 200 மீட்டர் ஓடுபவருக்கு வேண்டுவது வேகம். 800 மீட்டர் ஓடுபவருக்கு வேண்டுவது பொறை. ஓருடலில் இவ்விரண்டும் அமைதல் அரிது. எந்த ஓட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாதென்று 1928இல் தீர்ப்புக் கூறினரோ, அதனையும் தமிழ்ப் பெண்ணொருத்தி நம் தலைநகரில் ஓடி வென்றாள்.

அடுத்த ஆண்டு, 1966 டிசம்பரில், பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆசியா முழுவதிலுமிருந்து வந்த பெண்களோடு ஓடி, 400 மீட்டரில் இராஜமணி தங்கப் பதக்கம் கொண்டார். அதே போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். தேசத்தின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை என்னும் விருதுகள் அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அவற்றைப் பெற்றவர்கள் இவ்விருவருமே. இராஜமணிக்குப் பின் அதே ஆசிய 400 மீட்டர்த் தங்கத்தை 1970இல் இந்தியாவின் கமல்ஜித் சந்துவும், 1974இல் சிங்கப்பூரின் சீ சுவீ லீயும் வென்றனர். ஒருத்தி நடந்த தடத்தில் மற்றையோர் வருவது இயல்பு.

இத்துணையும் கேட்ட பின்னும், "அதெல்லாம் சரி, பருவம் வந்த பெண்பிள்ளையை அரைக்காற்சட்டையுடன் திடலுக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?" என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். 1965இல் கோலாலம்பூர்த் திடலில் நம் பெண் ஓடி வென்றபோது ஊர் என்ன சொல்லிற்று? கை தட்டிற்றன்றோ? பதக்கம் வாங்கியபின் "நம்ம பெண்" என்று உரிமை கொண்டாடுவதும், பயிற்சிக்குப் போகும்போது "இது நமக்கு வேண்டாம்" என்று தடுப்பதும் எவ்வகை நியாயம்? பள்ளி விட்டு வந்த தம்பி பந்தோடு வெளியே ஓட, அக்காள் அடுப்படிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஓடுகிறாள். அந்த ஓட்டத்தை எவரும் அளப்பதில்லை. அதற்குப் பதக்கமும் இல்லை.

நம் அம்பாங் வரலாற்றிலேயே இதற்கொரு படிப்பினை உண்டு. 1857இல் ஈயம் தேடி ஆற்றின்மேல் வந்த 87 சீனத் தொழிலாளரால் உருப்பெற்ற ஊர் இது. பின்னர், கோலாலம்பூரிலிருந்து இங்கு வரும் அம்பாங் வீதியில், இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில், வெள்ளையர் குதிரைகளை ஓட்டிப் பந்தயம் பார்க்க விசாலமான திடலொன்றை அமைத்தனர். குதிரை ஓடுவதற்கு நிலம் ஒதுக்கிய காலத்தில், தோட்டத்துப் பெண் குழந்தை ஓடுவதற்கு லயத்து முற்றமே எல்லை. அத்திடல் போய்விட்டது, அந்த எல்லையோ நம் மனத்தில் இன்னும் முற்றும் போனபாடில்லை.

எனவே நாம் வேண்டுவது பெரிதன்று. நம் தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் சங்கத்தார் ஆண்டு விளையாட்டு நாளோடு ஓட்டத்தை நிறுத்திவிடாது, வாரத்தில் இரண்டு மாலையேனும் பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லட்டும். தாய்மார் உடன் சென்று அமர்ந்திருக்கட்டும். அவர்களும் சற்று நடக்கட்டும். தந்தையர், அந்த இரண்டு மாலையும் வீட்டு வேலையைத் தாம் ஏற்கட்டும். எல்லாப் பெண்களும் இராஜமணி ஆகிவிடப் போவதில்லை; ஆக வேண்டியதுமில்லை. ஆனால், ஓடிப் பார்த்தாலன்றித் தன் கால்களின் வலிமையை ஒருத்தி எங்ஙனம் அறிவாள்? தாப்பாவிலிருந்து டோக்கியோவுக்கும் பாங்காக்குக்கும் சென்ற அக்கால்களும் என்றோ ஒருநாள் ஏதோ ஒரு திடலில் முதலடி வைத்தவையே. அந்த முதலடிக்கு இடம் விடுதல் நம் கடமை.